கரையோரக் கிடங்கில் கத்திரி வெயில்

வாகனங்களைத் துலக்கவும் செப்பனிடவும் உதவுகிற மெழுகு, வர்ணம், எண்ணெய், தின்னர் முதலிய சரக்குகளின் டப்பாக்களில், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவேண்டிய சிற்றெழுத்துகளில், உறைபனி படும் இடத்தில் வைக்கலாகாது என்றும், 25 டிகிரி உஷ்ணத்துக்கு மேற்படாத இடத்தில் வைத்துக் காக்கவேண்டும் என்றும் ஓர் எச்சரிக்கை அச்சிட்டிருப்பது வழக்கம். பழவேற்காட்டு ஏரிக்கரையில் வசிக்கும் ஒருவருக்கு இந்த எச்சரிக்கையின் முற்பாதி அநாவசியமானது. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையிலும் அங்கே உஷ்ணமானியின் பாதரசம் 20 டிகிரியை விட்டு அதிகமாகக் கீழிறங்குவதில்லை. பிற்பாதியோ அசாத்தியமானது, அக்கினி நட்சத்திர காலத்தில் நடுநிசியிலும் அது 25 டிகிரிக்கு இறங்கி வருவது அபூர்வம். அநாவசியமான பாதிக்கும் அசாத்தியமான பாதிக்கும் நடுவே, டப்பாவை வாங்கி வந்தவர் அதை எங்கே, எவ்விதம், எத்தனை நாள் வைத்திருப்பது என்பதைத் தாமே யோசித்து அறிந்துகொள்ள வேண்டியவராகிறார். அவருக்குத் துணைசெய்யக்கூடிய ரசாயன விஷயங்கள் சிலவற்றை இங்கே ஆராயலாம்.

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் தேசத்தின் மிகப் பெரிய உவர்நீர்க் காயல். தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும், அதைக் காட்டிலும் அதிகப் பரப்பாக ஆந்திர தேசத்திலும் விரிந்து கிடக்கும் இந்த நீர்ப்பரப்பை வங்கக் கடலிலிருந்து பிரித்து நிற்பது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் கொண்டுவந்து சேர்க்கும் நல்ல தண்ணீரும், முகத்துவாரத்தின் வழியே ஏறிவரும் கடல் தண்ணீரும் கலக்கிற இதன் கரையிலும், கடலுக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட மணல் திட்டுகளிலும், லைட்ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம், தோணிரேவு என்று மீனவ ஊர்கள் நிரையாக அமைந்திருக்கின்றன. இவ்வூர்களில் மோட்டார் சைக்கிள்களும், மீன் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் குட்டியானை வண்டிகளும் உண்டென்றாலும், வாகனம் என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வரவேண்டியது படகுதான்.

அந்தப் படகின் ஸ்வரூபமே சென்ற ஒரு தலைமுறைக்குள் மாறிவிட்டது. கட்டுமரத்துக்குப் பராமரிப்பு என்பது, கரையேற்றிக் கயிற்றை அவிழ்த்து மரங்களைக் காயப்போடுவது ஒன்றே. ஏரியில் ஓடிய மரத் தோணிகளுக்கு எண்ணெயும் குங்கிலியமும், பருத்தி நூல் வலைகளுக்குப் பனிச்சங்காய்ச் சாயமும் தேவைப்பட்டன. இவற்றில் எதுவும் வீட்டு மூலையில் கிடந்தபடியே தானாகக் கொதித்தெழும் வஸ்து அன்று. 1979-இல் தொடங்கிச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்த வங்காள விரிகுடாத் திட்டம் போன்ற முயற்சிகளால் கண்ணாடிநார்ப் படகுகள் இக்கரைகளில் மெல்லப் பரவிவந்தன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து போனபின், நிவாரணமாகக் கொடுக்கப்பட்டவை பெரும்பாலும் அத்தகைய படகுகளாகவே இருந்தமையால், கட்டுமரம் ஓரமாக ஒதுங்கி, 'ஃபைபர் போட்' எங்கும் நிறைந்துவிட்டது. அதனோடு கூடவே, மண்ணெண்ணெயும் டீசலும், இஞ்சினை முதலில் கிளப்புவதற்கான பெட்ரோலும், இஞ்சின் ஆயிலும் கிரீஸும், ஓட்டையடைக்கும் ரெசினும், அதை இறுகச் செய்கிற கேட்டலிஸ்டும், கோபால்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஊதாநிறத் திரவமும், தின்னரும் பெயிண்டும், துருவிளக்கும் ஸ்பிரே டப்பாவும், ஒரு சிறிய ரசாயனசாலையே குடியேறியதென்று சொல்லத்தக்க விதமாய், மீனவர் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தன. படகைக் கொடுத்தவர்கள் அதைச் செலுத்தும் வித்தையை யாருக்கும் கற்பிக்கவேண்டியிருக்கவில்லை. இந்தச் சரக்குகளை வைத்துக் காக்கும் வித்தையைக் கற்பித்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

அபாயகரமான பண்டங்களைச் சேமித்து வைப்பது இந்த ஏரிக்கரைக்குப் புதிய காரியமும் அன்று. 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர்கள், பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலேயே வெடிமருந்து ஆலை ஒன்றை நடத்தி, வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்த்து அரைத்த அந்தத் தூளைக் கீழைத் தீவுகளிலிருந்த தங்கள் நிலையங்களுக்குக் கப்பலேற்றி வந்தார்கள். வெடிமருந்துக்குப் பகை ஈரம்; கரித்தூள் காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சிக்கொண்டுவிட்டால் மருந்து பற்றாது. இன்றைய சரக்குகளுக்கோ உஷ்ணம், ஈரம் என்று இரண்டு பகைவர்கள். அவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டு வருவதோடு, பகலுக்கு ஒருவர் இரவுக்கு ஒருவர் என்றும் வருகிறார்கள்.

எரியக்கூடிய ஒரு திரவத்தின் அபாயம் அதன் திரவ நிலையில் இல்லை. அதன் மேற்பரப்பிலிருந்து கிளம்பும் ஆவி, காற்றோடு கலந்து ஒரு குறிப்பிட்ட அளவை எட்டும்போதுதான், பக்கத்தில் உள்ள பொறி அதைப் பற்றவைக்க முடியும். அந்த அளவுக்கு ஆவி எழுவதற்குத் திரவம் எவ்வளவு சூடாக இருக்கவேண்டுமோ அந்த உஷ்ணநிலையைத் தீப்பற்று நிலை என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலப்பட மண்ணெண்ணெயால் விளக்குகள் வெடித்து மனிதர்கள் மாண்டுபோனதை முன்னிட்டு, பிரெடரிக் ஏபெல் என்ற ஆங்கில ரசாயன அறிஞர் மூடிய கிண்ணத்தில் எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சூடேற்றி இந்நிலையைக் கண்டறியும் கருவியை வகுத்தார். 1879-இல் இங்கிலாந்து அச்சோதனையைச் சட்டமாக ஏற்று, 73 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது ஏறக்குறைய 23 டிகிரி செல்சியஸை, எல்லைக் கோடாக விதித்தது. நம் தேசத்துப் பெட்ரோலியச் சட்டத்திலும் இன்று முதல் வகுப்பு அபாயப் பொருள்களுக்கு 23 டிகிரியே எல்லை. லண்டன் மாநகரத்துக் கிடங்கில் அந்தக் கோட்டுக்கு ஓர் அர்த்தம் உண்டு. அங்கே வருஷத்தின் பெரும்பகுதி நாட்கள் அதற்குக் கீழேதான் கழிகின்றன. சித்திரை, வைகாசி மாதங்களில் பழவேற்காட்டு வீடொன்றில், பொழுது விடியும் நேரத்திலும் அந்தக் கோடு காலடிக்கும் கீழே போய்விடுகிறது.

ஆகவே, இவ்விடத்தில் எந்தத் திரவம் எந்த மாதத்தில் தன் கோட்டைத் தாண்டுகிறது என்று கேட்பதே பொருத்தமான கேள்வி. பெட்ரோலின் தீப்பற்று நிலை பூஜ்யத்துக்கும் கீழே 40 டிகிரி அளவிலும், தூரிகை கழுவ உதவும் அசிட்டோனின் நிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி அளவிலும் இருப்பதால், இவ்விரண்டுக்கும் பருவபேதம் கிடையாது. வருஷம் முழுவதும், இரவும் பகலும், அவை பற்றத் தயாராகவே இருக்கின்றன. விசேஷம் ரெசினிலும் மண்ணெண்ணெயிலும்தான். ரெசினில் கலந்திருக்கும் ஸ்டைரீன் என்ற திரவத்தின் தீப்பற்று நிலை 31 டிகிரி. மண்ணெண்ணெய்க்கு அது 35 டிகிரிக்குக் குறையலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தை மாதத்துக் காலையில், 22 டிகிரிக் குளிரில், இவ்விரண்டின் மேலும் ஒரு தீக்குச்சியின் பொறி விழுந்தால் பற்றாமல் போகக்கூடும். அந்த அனுபவத்தை நம்பி, அதே டின்னின் அருகில் வைகாசி நடுப்பகலில், தகரக் கூரையின் கீழ் 40 டிகிரிக்கு மேல் ஏறிய வெக்கையில், பீடி பற்றவைக்கிற மனிதர், தாம் முன்பு பழகிய பொருள் வேறு, இப்போது எதிரில் இருக்கும் பொருள் வேறு என்பதை அறியாதவராகிறார். பெயர் மாறவில்லை, நிறம் மாறவில்லை, வாடை மாத்திரம் சற்றுத் தூக்கலாக அடிக்கிறது. அந்த வாடைதான் எச்சரிக்கை.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலெழுந்து ஜன்னல் வழியே போய்விடும் என்று நினைப்பது தவறு. அது தரையோடு தரையாகப் பரவி, வாசற்படி தாழ்வாக இருந்தால் அடுத்த அறைக்குள் இறங்கி, சமையலறை அடுப்பு எரிகிற இடத்தை நாடிப் போகக்கூடியது. கிடங்குச் சுவரில் உயரத்தில் மட்டும் சாளரம் வைத்துவிட்டுக் காற்றோட்டம் உண்டு என்று திருப்திகொள்வதில் பிரயோஜனமில்லை. தரைமட்டத்திலும் துவாரம் வேண்டும். 1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டம், விற்பனைக்கல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரையில் உரிமமின்றிப் பெட்ரோல் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால் அதை இறுக மூடிய பாத்திரத்தில், கண்ணாடியோ பீங்கானோ ஆனால் 1 லிட்டருக்கும், உலோகமானால் 25 லிட்டருக்கும் மேற்படாத கலத்தில் வைக்கவேண்டும் என்கிறது. பிளாஸ்டிக் என்ற சொல்லே அந்த விதியில் இல்லை. சட்டம் எழுதினவர்கள் கண்டிராத அந்தப் பொருள்தான் இன்று எந்த வீட்டிலும் பெட்ரோலை வைத்திருக்கிறது; அதிலும் குடிதண்ணீர் வந்த வெள்ளைக் கேன்.

அந்த வெள்ளைக் கேனைச் சித்திரை மாதத்து நடுப்பகலில் நெருங்கிப் பார்த்தால் பல விஷயங்கள் தெரியவரும். காலையில் தட்டையாக இருந்த அதன் பக்கங்கள் வெளிப்புறமாகப் புடைத்திருக்கும். மூடியைத் திருகினால் 'புஸ்' என்று ஆவி சீறும். மூடியின் மரைகளில் ஈரம் கசிந்து, அதன்மேல் மணல்துகள் ஒட்டியிருக்கும். மறுநாள் விடியுமுன் அதே கேன் இடுப்பு ஒடுங்கி உள்வாங்கியிருக்கும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ஒரு டிகிரி உஷ்ணத்துக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரிகின்றன. 20 லிட்டர் கேன் 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குப் போனால் உள்ளேயிருப்பது 400 மில்லிலிட்டர் அளவுக்குப் பெருகிவிடும். விளிம்புவரை நிரப்பிய கேனில் அந்த அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைந்த திரவம் போவதற்கு இடம் எங்கே? மூடி வழியே வெளியேறித் தரையில் பரவும், அல்லது கேன் வெடிக்கும். இருபதில் ஒரு பங்கு இடம் காலியாக விடவேண்டும் என்பது இதனால்தான்.

இரவில் நடப்பது இன்னும் சூட்சுமமானது. திரவமும் அதன் மேலுள்ள ஆவியும் சுருங்கும்போது, சரியாக மூடாத கேன் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. காயல் கரையின் இரவுக் காற்றோ நீராவி நிறைந்தது. உள்ளே வந்த நீராவி குளிர்ந்து துளிகளாகி, எண்ணெயைவிடக் கனமாகையால் அடியில் போய்த் தங்குகிறது. ஒரு நாளைக்குச் சில துளிகள்தான். ஆனால் பகலெல்லாம் வெயில், இரவெல்லாம் பனி என்ற நிலை நீடிக்கும் தை, மாசி மாதங்கள் முழுவதும் அவ்வாறு மூச்சு வாங்கிய கேனின் அடியில் நடுக்கடலில் இஞ்சினை நிறுத்திவிடப் போதுமான தண்ணீர் சேர்ந்துவிடும். டீசலுக்கும் தண்ணீருக்கும் இடைப்பட்ட மெல்லிய எல்லையில் நுண்ணுயிர்கள் பெருகி, வடிகட்டியை அடைக்கும் வழவழப்பான கசடாகத் திரள்வதும் உண்டு. இக்காலத்துப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் தண்ணீரோடு சிநேகமானது. அது சிறிதளவு தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும் என்றாலும், உஷ்ணம் குறையக் குறைய அந்தச் சக்தி குறைந்து, எல்லை மீறிய தருணத்தில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்தே பிரிந்து அடியில் போய்விடும். மேலே நிற்பது தரம் குன்றிய பெட்ரோல். அடியில் நிற்பது எதற்கும் உதவாத கலவை. பல மாதம் வைத்த பெட்ரோலைக் குலுக்கிவிட்டு ஊற்றுகிற பழக்கம் இங்கே அனுகூலத்தைவிடக் கெடுதலையே செய்யும்.

உலோகக் கலத்துக்கு மாறிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று சொல்லவும் வழியில்லை. கடல் உப்பு என்பது சோற்றுப்பு மாத்திரம் அன்று. அதில் மக்னீஷியம் குளோரைடும் கலந்திருக்கிறது. சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டும்போதுதான் நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். மக்னீஷியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே கசிந்துவிடும். கச்சான் காற்று வீசி உதடு வெடிக்கும் நாளிலும் கடற்கரைக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் அதற்குக் குறைவதில்லை. ஆகையால், டின்னின் மேல் படிந்த உப்புப் பொடி கண்ணுக்கு உலர்ந்ததாகத் தோன்றினாலும், அதன் அடியில் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் நித்தமும் இருந்துகொண்டு இரும்பைத் தின்கிறது. மழையே படாத டின்னும், மண்தரையைத் தொட்டிருக்கும் அடிவிளிம்பில், முதலில் செம்புள்ளியாகவும் பிறகு ஊசித்துளையாகவும் ஓட்டை விழுவது இதனால்தான். தரையில் வைக்காமல் பலகையின் மேல் வைப்பதும், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துவதும் எளிய பரிகாரங்கள். படகுக்கு ஒட்டும் கண்ணாடிநார் மேட்டையும் ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து போட்டுவிட்டால், அது ஈரத்தை வாங்கிக்கொண்டு ரெசினை ஏற்க மறுக்கும். ஒட்டிய இடம் வெண்ணிறமாகப் பூத்து, முதல் அலையடியிலேயே உரிந்து வரும்.

ரெசினைப் பற்றி விரிவாகவே பேசவேண்டும். பாலியெஸ்டர் என்ற நீண்ட சங்கிலி அணுத்திரள்கள் ஸ்டைரீனில் கரைந்து, தேன்நிறத்துப் பாகாக நிற்பதே இந்த ரெசின். இதில் 100 கிராமுக்கு 1 அல்லது 2 கிராம் கேட்டலிஸ்டைச் சேர்த்துவிட்டால், சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து, அரைமணி நேரத்துக்குள் கல்லாகிவிடுகின்றன. காய்ச்சிய பாலில் உறைமோர் ஒரு துளி விழுந்ததும் பாத்திரம் முழுவதும் தயிராகிவிடுவதைத் தினந்தோறும் பார்க்கும் நமக்கு இது விளங்காத விஷயமன்று. ஆனால், உறை ஊற்றாத பாலும் வெயில் காலத்தில் தானே திரிந்துவிடுகிறதல்லவா? ரெசினும் அப்படியே. கேட்டலிஸ்டைக் காணாமலேயே அதன் சங்கிலிகள் டின்னுக்குள் மெல்ல மெல்லப் பிணைந்துகொண்டிருக்கின்றன. அதைத் தடுப்பதற்காகத் தயாரிப்பாளர்கள் ஒரு தடைப்பொருளைச் சொற்ப அளவில் சேர்த்திருக்கிறார்கள். அந்தத் தடைப்பொருள் வேலை செய்வதற்குத் திரவத்தில் கரைந்துள்ள பிராணவாயு அவசியம். டின்னின் மேற்பகுதியில் கொஞ்சம் காற்றிடம் விட்டிருப்பது சிக்கனமோ மோசடியோ அன்று.

ரசாயன மாற்றங்களின் வேகம் உஷ்ணத்தோடு எவ்விதம் ஏறுகிறது என்பதற்கு 1889-இல் ஸ்வீடன் தேசத்து ஸ்வாந்தே அரீனியஸ் ஒரு சூத்திரம் கண்டார். 1903-இல் வேறொரு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றவர் அவரே. அவருடைய சூத்திரத்திலிருந்து பிறந்த நடைமுறை வாய்ப்பாடு, சாதாரண உஷ்ணங்களில் 10 டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது. 25 டிகிரியில் ஆறு மாதம் கெடாது என்று சொல்லப்படும் ரெசின், அந்தக் கணக்குப்படி, 35 டிகிரியில் மூன்று மாதமும், 45 டிகிரிக் கொட்டகையில் ஒன்றரை மாதமுமே தாங்கும். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை விதிக்கப்படும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்கள், மழையில்லாத காரணத்தால் படகு செப்பனிடவும் ஏற்ற நாட்கள். அதையொட்டிக் கடைகளில் ரெசின் வியாபாரம் சூடுபிடித்து, மலிவாகக் கிடைக்கிறதென்று பெரிய டின்னாக வாங்குகிறவர், மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு என்று மூடிவைக்கிறார். அடுத்த வருஷம் மூடியைத் திறந்தால், மேலே ஓர் ஆடை படிந்து, குச்சியை விட்டால் நூல் இழுத்து, அடியில் வெல்லப்பாகின் பதத்துக்கு வந்துவிட்ட பண்டம் இருக்கும். அதில் ஸ்டைரீனையோ அசிட்டோனையோ ஊற்றி இளக்கிப் படகில் பூசுவது, பணத்தை மிச்சப்படுத்தும் வழி என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். உறையத் தொடங்கிய சங்கிலிகளை மறுபடி அவிழ்க்க எந்தத் தின்னராலும் ஆகாது.

கத்திரி வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகிவிடுகிறதென்று கேட்டலிஸ்டை அரைக்கால் பங்காகக் குறைத்துவிடுகிற வழக்கமும் விபரீதமானது. 1 சதவீதத்துக்குக் கீழே போனால், பிணைப்பு பூர்த்தியாகாமல் நின்று, மேலுக்கு உலர்ந்தும் உள்ளுக்கு மெத்தென்றும் இருக்கும். சிறு சிறு அளவாகக் கலந்துகொள்வதும், விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ வேலை செய்வதுமே சரியான உபாயம். கலந்து மிஞ்சிய ரெசினை வாளியோடு கொட்டகைக்குள் விட்டுச் செல்லவும் கூடாது. கனமாகத் தேங்கிய கலவையில் பிறக்கும் உஷ்ணம் வெளியேற வழியின்றி 150 டிகிரியையும் தாண்டக்கூடும். வாளி உருகிப் புகை கிளம்பும். அதை வெளியே மணலில் மெல்லிய தகடாகப் பரப்பிவிட்டால் ஓர் ஆபத்தும் இல்லை.

இனி, எல்லாவற்றிலும் கொடியதான கேட்டலிஸ்ட். இதன் ரசாயனப் பெயர் மெதில் எதில் கீட்டோன் பெராக்சைடு. பார்வைக்குச் சுத்தமான தண்ணீர்; குணத்திலோ, தன் உடம்பிலேயே பிராணவாயுவைச் சுமந்துகொண்டிருப்பதால் எரிவதற்கு வெளிக்காற்றையும் எதிர்பார்க்காத வஸ்து. இதன் வேகத்தைத் தணிக்கும் எண்ணெய்த் திரவத்தில் கலந்துதான் விற்கிறார்கள். அப்படியும் ஏறத்தாழ 60 டிகிரி உஷ்ணத்தை எட்டினால், சிதைவதால் பிறக்கும் சூடு மேலும் சிதைவை உண்டாக்க, அந்தச் சிதைவு மேலும் சூட்டை உண்டாக்க, தடுப்பாரின்றி மூண்டுவிடும். அறுபது டிகிரி என்பது எட்டாத உஷ்ணமோ என்றால், இல்லை. வெயிலில் கிடக்கும் தகரக் கூரையின் உஷ்ணம் மே மாதத்தில் அந்த அளவை எளிதில் தாண்டுகிறது. கூரையையொட்டிய பரண்மேல், குழந்தைகளின் கைக்கு எட்டாதென்று நல்லெண்ணத்தோடு அந்த பாட்டிலைத் தூக்கி வைக்கிறவர்கள், வீட்டிலேயே மிகச் சூடான ஸ்தலத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அது சாதாரண நாட்களிலும் சிறிது சிறிதாக வாயுவை வெளியிட்டுக்கொண்டிருப்பதால், அசல் பாட்டிலின் மூடியில் அந்த வாயு போக வழி செய்திருப்பார்கள். அதை மாற்றி இறுக்கமான மூடி போடுவதும், தகர டப்பாவில் ஊற்றுவதும், துரு விழ விடுவதும் அதைச் சீண்டுவதற்கு ஒப்பாகும்.

கோபால்ட் திரவமும் கேட்டலிஸ்டும் நேருக்கு நேர் ஒரு கரண்டி அளவு கலந்தாலும் அந்தக் கணத்திலேயே தீயோ வெடிப்போ நேரும். கோபால்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன்பிறகு வேறொரு குச்சியால் கேட்டலிஸ்டைச் சேர்க்கவேண்டும் என்ற கிரமத்தைப் படகு வேலை செய்யும் மேஸ்திரிகள் அறிவார்கள். வேலை முடிந்தபின் இரண்டு பாட்டில்களையும் ஒரே பையில் போட்டு ஆணியில் மாட்டும்போதுதான் அந்த அறிவு மறந்துபோகிறது. கேட்டலிஸ்டைப் பழைய சோடா பாட்டிலில் வாங்கி வருவதைப் பற்றி என்ன சொல்வது! தாகமெடுத்த குழந்தை அதை எடுத்துவிட்டால் வைத்தியத்தால் மீட்பது கடினம். ஒரு துளி கண்ணில் தெறித்தாலே பார்வை போகக்கூடும். தெறித்தால், கைவசம் இருக்கும் நல்ல தண்ணீரை உடனே கொட்டிக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கண்ணைக் கழுவி, அதன்பிறகே ஆஸ்பத்திரிக்குப் புறப்படவேண்டும். முதலில் புறப்பட்டு வழியில் கழுவலாம் என்பது கண்ணை இழக்கும் மார்க்கம்.

ஏரிக்கு அக்கரையில், 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் புறப்பட்ட நாள்முதலாக, இதே வெயிலிலும் இதே உப்புக்காற்றிலும் இவற்றைக் காட்டிலும் பன்மடங்கு கடுமையான சரக்குகளை வைத்துக் காத்துவருகிறார்கள். அங்கே பயன்படும் நைட்ரஜன் டெட்ராக்சைடு 21 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்திலோ குளிர்ச்சியிலோ வைத்தாலொழிய, ஸ்ரீஹரிகோட்டாவில் வருஷத்தின் எந்த மாதத்திலும் பகல் வேளையில் அது திரவமாக நில்லாது. திரவ ஹைட்ரஜனுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரியும், திரவப் பிராணவாயுவுக்கு 183 டிகிரியும் வேண்டும். திட எரிபொருளோ, படகு ரெசினுக்குத் தூரத்து உறவினம் என்று சொல்லத்தக்க ஒரு ரப்பர்ப் பாகில் தூள்களைக் குழைத்து இறுக வைத்தது. மீனவர்களுக்கு ஸ்ரீஹரிகோட்டா என்றால், ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகலாகாது என்ற அறிவிப்புதான். அக்கரையில் உள்ள சேமிப்புச் சாஸ்திரத்தில் நூறில் ஒரு பங்கு இக்கரைக்கு வந்து சேர்ந்திருந்தாலும் போதும். அதற்குக் குளிர்பதன யந்திரங்களும் தேவையில்லை.

ஸ்பிரே டப்பாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. 50 டிகிரிக்கு மேல் சூடாக்காதே என்று அவற்றின்மேல் எழுதியிருப்பதை வெறும் சம்பிரதாயமாக எண்ணக்கூடாது. சாதாரண வாயுவை மூடிய கலத்தில் 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடாக்கினால் அழுத்தம் பத்தில் ஒரு பங்கே ஏறும்; டப்பாவுக்குள் திரவமாய் அடைபட்டிருக்கும் பியூட்டேன் போன்றவற்றின் அழுத்தமோ இருமடங்குக்கு மேல் ஏறிவிடும். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய குட்டியானை வண்டியின் முன்பலகை அதற்கு உகந்த இடமல்ல. அவ்வாறே, ஆளிவிதை எண்ணெய் கலந்த பெயிண்டோ மத்தி மீன் எண்ணெயோ தோய்ந்த கந்தைகளைக் குவியலாகப் போட்டுவைத்தால், அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது பிறக்கும் சூடு குவியலுக்குள்ளேயே தேங்கி, நெருப்புப் பொறி எதுவும் இல்லாமலே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது.

பரிகாரங்களுக்கு வேண்டிய பொருள்கள் பெரும்பாலும் ஏரிக்கரையிலேயே இருக்கின்றன. இந்த ஏரியின் கிளிஞ்சல்களைச் சுட்டுச் சுண்ணாம்பு நீற்றுவது நெடுநாளையத் தொழில். அந்தச் சுண்ணாம்பைத் தகரக் கூரையின்மேல் பங்குனி மாதத்தில் இரண்டு கை பூசிவிட்டால், சூரியகிரணத்தின் பெரும்பகுதி திருப்பியடிக்கப்பட்டு, கொட்டகையின் வெக்கை கண்கூடாகத் தணியும். கீற்றுக் கொட்டகை குளுமையானதே என்றாலும், எரிபொருளுக்கு மேலே கீற்றைப் பரப்புவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கேட்டலிஸ்ட் பாட்டிலை, ஈரமணலின்மேல் நிறுத்திய அகன்ற மண்பானைக்குள், வேறெதையும் உடன் வைக்காமல், நிமிர்ந்த நிலையில், சுவரின் நிழலில் வைத்தால், பானையின் வெளிப்புறத்து ஈரம் ஆவியாகும்போது உள்ளே ஐந்தாறு டிகிரி குறையும். 38 டிகிரிப் பகலில் அந்த ஐந்தாறு டிகிரி, அரீனியஸின் கணக்கில், ஆயுளை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக நீட்டிப்பதாகும். எல்லாவற்றுக்கும் மேலான உபாயம், சித்திரையில் வாங்குவதைச் சித்திரையிலேயே தீர்க்கிற அளவில் வாங்குவது. பெரிய டின்னின் மலிவு வைகாசி முடியுமுன் காணாமல் போய்விடும்.

தனித்தனி வீடுகளில் இவற்றையெல்லாம் அனுசரிப்பது கஷ்டம். இடநெருக்கடியான வீட்டில் அடுப்புக்கும் டின்னுக்கும் இடையே பத்தடி விடு என்பது உபதேசமாகவே நின்றுவிடும். ஏரியில் யார் எந்நாளில் எந்த இடத்தில் வலையிடுவது என்பதைப் 'பாடு' என்ற முறையால் தலைமுறை தலைமுறையாகத் தாங்களே வகுத்து நடத்திவரும் ஊர்களுக்கு, ஒரு பொதுக் கிடங்கை நடத்துவது பெரிய காரியம் அன்று. மீனவக் கிராமங்களில் வலை பின்னும் கூடங்களைக் கட்டித் தரும் அரசாங்கம், அக்கூடத்துக்குச் சற்றுத் தொலைவில், கரையின் மேட்டுப்பாங்கில், தரைமட்டத்திலும் கூரையடியிலும் துவாரங்கள் உள்ளதாய், ஓட்டுக்கூரை போட்ட இரண்டு சிறிய அறைகளையும், ரெசினும் எரிபொருளும் ஒன்றிலும் கேட்டலிஸ்ட் மாத்திரம் மற்றொன்றிலுமாக, வேறு வேறு வாசல்களோடு கட்டித் தரவேண்டும். ரெசின் விற்கும் கடைக்காரர்கள், சில்லறையாக ஊற்றிக் கொடுக்கும் ஒவ்வொரு பாட்டிலின் மேலும், உள்ளே இருப்பது இன்னதென்றும் தண்ணீர் அன்றென்றும் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டிக் கொடுக்கவேண்டும். இவ்விரண்டும் அடுத்த தடைக்காலம் பிறப்பதற்குள் செய்து முடிக்கக்கூடிய காரியங்களே.